மழைக்கு நாலு பக்கம், விதவைக்கு அரை வரி

‘இருநூறு பக்கம் வாசித்தாயிற்று. இனி ஏலாது. வந்து எடுத்துக்கொண்டு போ.’

போன திங்கட்கிழமைத் திகதியோடு மருதமுனையிலிருந்து எனக்கு வந்த துண்டுக் கடிதம் இது. எழுதியவர் என் மூத்த சகோதரி. மச்சான் காலமானதிலிருந்து ராத்தா இத்தா இருக்கிறார். கணவனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வெளியே இறங்க முடியாது. பொழுது போகட்டுமென்று தடித்த நாவலொன்றைக் கொடுத்திருந்தேன். மொழிபெயர்ப்பு. உலகமே மெச்சும் கிளாசிக். இந்தப் பத்தியிலும் முன்பொரு வாரம் மெச்சியிருக்கிறேன்… நினைவிருக்கிறதா?

சனிக்கிழமை சைக்கிளை மிதித்தேன். நாவலுக்காக வாதாடத்தான்.

“மெதுவாப் போறதுதான் ராத்தா அதுட அழகு.”

“அழகா? மழை பெய்யிறதுக்கு நாலு பக்கம். குதிரைக்கு லாடம் அடிக்க ஆறு பக்கம். நான் இத்தா இரிக்கன் எண்டா, இந்தக் கதையும் என்னோட சேர்ந்து இத்தா இரிக்கி.”

“கொஞ்சம் பொறுமை வேணும்…”

“பொறுமையப் பத்தி எனக்கிட்டயா சொல்றாய்?”

அடுத்த முறை மர்மக் கதை கொண்டுவரவா என்று மெல்லக் கேட்டேன்.

“அது வேணாம். இஞ்ச பாரு.” பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். “கதையில வாற இவட புருசன் மவுத்தாகிறான். அடுத்த பக்கத்தில ‘இரண்டு ஆண்டுகள் கழிந்தன’ எண்டு கிடக்கு. மற்ற நாள் காலையில எழும்பி இவ என்ன செஞ்சா? ஆரோட கதைச்சா? அவன் உடுத்த சேட்டுகளை எல்லாம் என்ன செஞ்சா? அதத் தெரிஞ்சுகொள்ளத்தானே தம்பி, அந்த மழையெல்லாம் பொறுத்து வாசிச்சன்.”

நான் இரண்டு முறை வாசித்த நாவல். மழை எனக்கு வரிவரியாக ஞாபகம். அந்த வரி மட்டும் கண்ணில் படவேயில்லை. ஒரு நாவல் எங்கே ஊர்கிறது, எங்கே ஓடுகிறது என்பதை எழுதியவரா தீர்மானிக்கிறார்? வாசிப்பவரின் வீட்டு நிலைமையல்லவா?

முன்பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். பொடி எழுத்தில் ‘சுருக்கப் பதிப்பு’ என்றிருந்தது.

“அப்ப சுருக்கினவர் மழைய உட்டுட்டு இவளயா வெட்டினார்?” என்றார் ராத்தா. புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. “கிடக்கட்டும். நீ விசாரிச்சுச் சொல்லு.”

முழு ஆங்கிலப் பிரதி கொழும்பு நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை விழுங்கியவர் ஆசிரியரா, சுருக்கியவரா… இதை எழுதும் இன்று வரை உறுதியாகவில்லை.