மந்திரக்காரிக்கு ஐந்து கூடுதல்

மாலை ஐந்து பத்து. நான் முதலில் பார்த்தது உம்மாவின் உள்ளங்கையில் இருந்த ஒரு நீலக் காய். அதற்கு இருபது முகங்கள், முகத்துக்கு ஓர் எண்.

"இது பகடைதானே?" என்று உம்மா மாமாவிடம் கேட்டார்.

மாமா உம்மாவின் தம்பி. துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். எங்கள் காயல்பட்டினத்து வழக்கப்படி கல்யாணமானதும் மாமி வீட்டோடு போய்விட்டவர். அஸர் தொழுகை முடிந்து எங்களைப் பார்க்க வருவார். அன்று ஒரு விளையாட்டுப் பெட்டியோடு வந்தார். மாமா கதை சொல்வார். நாங்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து எதிரியோடு சண்டை போட வேண்டும். வீசிய வாளோ ஏவிய மந்திரமோ பட்டதா இல்லையா என்பதைக் காய் சொல்லும்.

"காசு வச்சு ஆடலியே, லாத்தா."

"வச்சாலும் வைக்காட்டாலும் பகடை இந்த வீட்டுல உருளப்படாது."

காய் அலமாரிக்குள் போனது. ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்த உம்மா, ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளைச் சுருட்டி, காலிப் பால்பவுடர் டப்பா ஒன்றில் போட்டுக் குலுக்கித் தந்தார். தெருப் பெண்களுக்கு மாதச் சீட்டு நடத்துபவர் அவர். அதன் சட்டமே இதற்கும் வந்தது. எடுத்த சீட்டு மறுபடி டப்பாவுக்குள் போகாது. எல்லாம் தீர்ந்த பிறகுதான் மீண்டும் இருபதும் உள்ளே விழும். சீட்டு என்றால் எங்களுக்கு வேறு முறை தெரியாது.

பன்னிரண்டாம் வகுப்பிலிருந்த என் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, வாள்வீரன் ஆனான். பெரியம்மா மகன் வில்லாளி. பதினொரு வயதான எனக்கு யாரும் எடுக்காமல் விட்ட மந்திரக்காரி. எதிரே, கடலடியில் முத்துச்சிப்பி விளையும் பாரைக் காக்கும் கடல்பூதம். அதன் கவசம் பதினேழு. எடுக்கும் சீட்டோடு அவரவர் பலத்தைச் சேர்த்துப் பதினேழை எட்டினால் அடி படும்.

காக்கா தன் தோள் வலுவைக் கூட்டிக்கொண்டான். மந்திரக்காரி மெலிந்தவள், அவளுடைய தோள் வலு கழித்தல் ஒன்று. அதனால் என் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தான். நான் ஏவிய நெருப்பெல்லாம் தண்ணீரில் விழுந்தது.

"ஏளா, நீ நெருப்பு ஏவுதியா, மீனுக்கு இரை போடுதியா?" என்றான் காக்கா.

பெரியம்மா மகன் சிரித்து உருண்டான். சிறிது நேரத்தில் அவனுடைய வில்லாளி வீழ்ந்தான், பிறகு வீரனும் வீழ்ந்தான். மிஞ்சியது நான். பூதமும் தளர்ந்திருந்தது; இன்னும் ஒரு அடி பட்டால் முடிந்துவிடும். அப்போது அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

"வந்து பாக்கோம். இந்தத் தடவையும் விட்டேன்னு வையி, நாளையிலேருந்து உன் இடத்துல எதுத்த வீட்டுப் பய உக்காருவான்" என்றான் காக்கா. மூவரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள்.

நான் உள்ளறையில் தொழுதுவிட்டு வந்து பெட்டியிலிருந்த ஆட்ட விதிப்புத்தகத்தைத் திறந்தேன். எல்லாம் இங்கிலீஷ். மூன்று சொல்லுக்கு ஒன்று புரிந்தது. மந்திரக்காரியின் பக்கம் வந்ததும் ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டினேன்.

அவர்கள் திரும்பி வந்து உட்காரும் முன்பே சொன்னேன். "மந்திரத்துக்குத் தோள் வலு கணக்கு கெடையாது. அவ அறிவுக்கு மூணு, பயிற்சிக்கு ரெண்டு. அஞ்சு கூட்டணும்."

"எவ அடிச்சாலும் கைதானளா வீசுது?" என்றான் காக்கா.

"மந்திரம் என்ன அரிசி மூட்டையா, தோள்ல தூக்கி எறியதுக்கு?"

மாமா புத்தகத்தை வாங்கி, வரியின் மேல் விரலை ஓட்டிப் படித்தார். முன்பக்கம் புரட்டி இன்னொரு முறை படித்தார்.

"இவ சொல்லுததுதான் சரி. அஞ்சு உண்டு."

காக்கா கலங்கவில்லை. அதுவரை எடுத்த சீட்டுகளைத் தரையில் விரித்து வைத்திருந்தான். "அஞ்ச நீயே வச்சுக்க. இருபது போச்சு, பத்தொம்பது போச்சு. பதினெட்டும் பதினேழும் போச்சு. இனி டப்பாவுல உனக்கு என்னளா கெடக்கு?"

நான் பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடிக் கையை விட்டேன். பிரித்தது மாமா.

பன்னிரண்டு.

பெரியம்மா மகன் கை கொட்டினான். எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடக் காக்கா எழுந்தேவிட்டான்.

"உக்காருல. பன்னெண்டும் அஞ்சும் எவ்வளவு?" என்றார் மாமா.

"பதினேழு. சமமால்லா நிக்கி, தாண்டலியே."

"தாண்ட வேண்டாம். எட்டுனா பட்டாச்சு. பூதம் காலி."

பெண்கள் நடமாடும் பின்முடுக்கு வழியாகப் பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். பூதத்தைக் கொன்றது நான்தான் என்று, என்ன பூதம் என்றே அறியாத நான்கு பெண்களிடம் சொன்னேன். நால்வரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். மாமாவின் விடுப்பு தீரும்வரை என் இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை. பூதமோ நாகமோ எது வந்தாலும், "மொதல்ல நீ போளா" என்று காக்கா என்னைத்தான் முன்னே அனுப்பினான்.

அதெல்லாம் என் கைராசி என்று வெகுகாலம் நம்பினேன். கல்லூரித் தோழிகளிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் உம்மா டப்பாவைக் கவிழ்த்தார். உள்ளே மிச்சம் கிடந்தவை இரண்டு சீட்டுகள். பதினான்கும் பதினாறும். எதோடு ஐந்தைக் கூட்டினாலும் பதினேழைத் தாண்டும்.