நான்கு மாதம் தேடி வாங்கிய ரேம்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ‘மூணு தரம்’ என்று பெயர். எந்த மாதிரி வந்தாலும் மூன்று முறை சோதித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். ஊரே குடிக்கிற தண்ணீர் என்பதால் யாரும் அதைக் குறை சொன்னதில்லை. கேலி செய்வார்கள், அவ்வளவுதான். வீட்டிலும் அப்படித்தான். செருப்புக் கடைக்குப் போனால், கடைக்காரர் டீ குடித்துவிட்டுத் திரும்பிய பிறகும் இவர் ஒற்றைக் காலில் நின்று யோசித்துக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி நேரெதிர். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்கித் தருவது அவள் தொழில். தெருவில் எடிட்டரம்மா என்றால்தான் தெரியும். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைக்கிற இடம் இருக்கட்டும், மாப்பிள்ளையின் மாமா கொட்டாவி விடுகிற இடம் போகட்டும் என்று விரல் தன்பாட்டுக்கு முடிவு செய்துகொண்டே போகும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காதது எட்டு வருடத்து டெஸ்க்டாப் ஒன்றுதான்.

ஊருக்கெல்லாம் படம் செய்தவளுக்குச் சொந்த மகளின் கல்யாணப் படம் மட்டும் பாக்கி கிடந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு அவளே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி எடுத்தது. அடுத்தவர் வேலை முதலில் என்று தள்ளித் தள்ளிப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து பேசும்போதெல்லாம் மகள், “என் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகறதுக்குள்ளயாவது என் கல்யாணப் படம் வந்துடுமாம்மா?” என்று சீண்டுவாள்.

கண் அழுத்த நோயில் எடிட்டரம்மாவுக்கு வலது கண் போயிருந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “இடது கண்ணும் குறைஞ்சுகிட்டே வருதும்மா. சொட்டு மருந்தை விடாதீங்க. ஆனா கண்ணால செய்யற வேலை ஏதாவது பாக்கி இருந்தா தள்ளிப் போடாதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள். “என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க. இந்த மிஷினுக்கு மெமரி ஏத்திடுங்க. பாப்பா கல்யாணத்தைப் போட்டா ரெண்டு செகண்ட் ஓடுது, பத்து செகண்ட் நின்னுடுது. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“அதுக்கென்ன, இந்த வாரமே முடிச்சுடலாம்” என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார்.

முதல் கடைக்காரர், ஏற்கெனவே இருக்கிற எட்டு ஜிபியோடு இன்னொரு எட்டைச் சொருகினால் போதும் என்றார். இரண்டாவது கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். “பழசையும் புதுசையும் கலந்தா திடீர்னு ஹேங் ஆகும் சார். ஒரே மாதிரி ஜோடியா போடுங்க.” மூன்றாவது ஆள் மதர்போர்டே கிழம், ரேம் போட்டு என்ன பிரயோஜனம் என்று உதட்டைப் பிதுக்கினார். இவர் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எத்தனை ஸ்லாட், என்ன வேகம், எந்த வகை, எவ்வளவுக்கு மேல் போர்டு தாங்காது. அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்க்கிறவரிடம் கேட்கலாம் என்றால் அவர் லீவில் இருந்தார். அவர் வந்து ஒன்றைச் சொன்னபோது, அது கடையில் தீர்ந்துபோயிருந்தது.

நடுவில் ஒருநாள் அவள், “ஏதோ ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன், நான் சமாளிச்சுக்கறேன்” என்றாள்.

“அவசரப்பட்டுத் தப்பானதைப் போட்டு உள்ளதும் போயிட்டா? இன்னும் ஒரே ஒரு விஷயம்தான் கேக்கணும்.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவள் அப்படிப் பேசாமல் போவது அபூர்வம் என்பதை அவர் கவனிக்கவில்லை.

நான்கு மாதம் ஓடியிருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், பதினாறு ஜிபி கார்டுகள் இரண்டைப் பெட்டியோடு கொண்டுவந்தார். போர்டு தாங்குகிற அதிகபட்சம். தேர்வில் பிழையே இல்லை. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கை மவுஸின் மேல் இருந்தது. திரையில் அம்புக்குறி ஒரு மூலையில் முட்டிக்கொண்டு நின்றது.

“வாங்கிட்டேன்” என்றார்.

அவள் திரும்பாமல் கேட்டாள். “ஏங்க, மானிட்டர் ஆன்ல இருக்கா?”

திரை வெளிச்சம் அவள் முகத்தில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“எப்பலேர்ந்து?”

“பத்து நாளா வெறும் வெளிச்சம்தான். நேத்திலேர்ந்து அதுவும் சரியா இல்ல.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னேனே. நாலு மாசத்துக்கு முன்னாடி சொன்னேன்.” குரல் உயரவில்லை. “நாலு மாசங்க. அப்ப எனக்கு இடது கண்ணு இருந்துச்சு.”

அன்று சாயங்காலம் மறுபடி டாக்டரிடம் போனார்கள். புதிதாகச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை அவள்தான், “வாங்கினதைப் போடுங்க” என்றாள். அவர் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, பழைய கார்டுகளைக் கழற்றிப் புதியவற்றை அழுத்தினார். க்ளிக் என்று பிடித்துக்கொண்டன. ஐந்து நிமிட வேலை. அவள் சொன்ன ஃபோல்டரைத் தேடித் திறந்து ஓடவிட்டார்.

மகளின் சிரிப்பு, மேளச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது எல்லாம் ஒரு தடவைகூடத் திக்காமல் வந்தன. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“நிக்காம ஓடுதே” என்றாள். பிறகு, “எப்படி இருக்கா?”

அவருக்கு வர்ணிக்கத் தெரியாது. பார்த்ததைச் சொன்னார். “கேமராவையே பாத்துட்டு இருக்காம்மா. எல்லாரும் மேடையைப் பாக்கறாங்க, இவ மட்டும் உன்னையே பாக்கறா.”

அப்போது ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது. “அம்மா, கேமராவை யார்கிட்டயாவது குடுத்துட்டு நீயும் வந்து நில்லும்மா.” அதற்கு எடிட்டரம்மாவின் பழைய குரல், வேலை மும்முரத்தில், “அப்புறம் வர்றேன், நீ இந்தப் பக்கம் திரும்பு” என்றது.

அவள்தான் முதலில் அழுதாள். மருத்துவமனையில்கூட அழாதவள். அவர் அவள் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தை முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அவள் காதால் கேட்டு, “இங்க வெட்டுங்க” என்பாள். அவர் ஒரு நொடி தவறவிட்டுவிடுவார். மறுபடி போடுவார். ஒரு காட்சியில் மகளின் கண் மூடியிருந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பழைய எடிட்டரம்மா அதைத் தூக்கியிருப்பாள்.

மகள் படத்தைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். “அம்மா, என்னம்மா இது, சில இடத்துல தாவுது? ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு. நீ எங்கயுமே காணோமே?”

மகளுக்குக் கண் விஷயம் இன்னும் தெரியாது. மனைவி ஃபோனை அவர் இருந்த பக்கமாக நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். கண் விஷயத்தைச் சொன்னார். நான்கு மாதத்தையும் மறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்ததும் மகள், “அம்மாகிட்ட குடுங்கப்பா” என்றாள், அவ்வளவுதான்.

அவர் ஃபோனை மனைவியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தார். உள்ளே அவள் மகளைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.