இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் நீலம்

கல்யாணமான இரண்டாவது வருஷம் என் கணவர் ஒரு லாரி வாங்கினார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் ஓடி ஓய்ந்து, வேப்பமரத்தடியில் நின்றிருந்த வண்டி. முன்னால் மூக்கு நீண்ட பழைய மாடல். என்னைவிட ஏழு வயது மூத்தது. கம்பைநல்லூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குள் அவர் அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, என் மாமியார் வெளியே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது தானாவா வந்துச்சு? யாரும் கட்டி இழுத்துக்கிட்டு வரலியா?" என்று கேட்டார்.

தானாகத்தான் வந்தது. எஞ்சினில் குறை சொல்ல முடியாது. பார்ப்பதற்குத்தான் சகிக்கவில்லை. பெயிண்ட் எல்லா இடத்திலும் உரிந்து, துருவும் பழைய நிறங்களுமாகச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. ஒரே வாரத்தில் தர்மபுரியில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்க வேண்டும். அது இல்லாமல் லோடு ஏற்ற முடியாது. தர்மபுரி பெயிண்டர் பத்து நாள் கேட்டார்.

"பத்து நாளு எதுக்கு? நாமளே அடிச்சுக்கலாம்" என்றார் கணவர்.

"உங்களுக்கு அடிக்கத் தெரியுங்களா?"

"வருசா வருசம் மாட்டுக் கொம்புக்கு யாரு அடிக்கறது?"

வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன. மொத்தம் நான்கு கொம்புகள். அதுதான் அவருடைய முன் அனுபவம். எனக்கு அதுவும் கிடையாது. ஆனால் ஆறாம் வகுப்பில் ஓவியத்துக்குப் பரிசாக ஒரு சோப்புப் பெட்டி வாங்கியிருந்தேன். அந்தத் தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை சுரண்ட ஆரம்பித்தோம். நான், கணவர், டைப்ரைட்டிங் பரீட்சை முடித்துவிட்டு வீட்டிலிருந்த நாத்தனார், மூன்று பேரும் ஆளுக்கொரு உப்புத்தாளோடு. சிவப்பைச் சுரண்டினால் அதற்கடியில் மஞ்சள், மஞ்சளைச் சுரண்டினால் சாம்பல், அதற்கும் கீழே மறுபடியும் சிவப்பு. கதவில் யாரோ ஒரு பழைய முதலாளியின் பெயர் மாதிரி பாதி எழுத்து வந்தது. மீதியைப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் நாத்தனார் அரைநாள் அங்கேயே உட்கார்ந்து சுரண்டினாள். கடைசியில் வந்தது பெயரில்லை, "கதவை மெதுவாகச் சாத்தவும்" என்பதன் கடைசி வார்த்தை. மாமியார் புளி உடைத்துக்கொண்டே, "ரெண்டு நாளு இப்படியே தேய்ச்சா வண்டியே இருக்காது, இன்ஸ்பெக்டருக்கும் வேல மிச்சம்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் செம்மண் நிறத்தில் ரெட் ஆக்சைடு அடித்து முடித்தோம். சாயங்காலமே கணவருக்குப் புதிய யோசனை வந்தது. ஊரில் பெரிய பெயிண்டர்களெல்லாம் பிரஷ்ஷில் அடிப்பதில்லையாம், காற்றில்தான் அடிப்பார்களாம். அதற்கான மெஷின் இல்லை. வீட்டில் கொசுமருந்து அடிக்கிற கைபம்ப் ஒன்று இருந்தது. அதன் டப்பாவில் பச்சை எனாமலை ஊற்றி, மண்ணெண்ணெய் கலந்து, பானெட்டுக்கு முன்னால் காலை அகட்டி நின்று அடித்தார். முதல் மூன்று அடிக்கு ஒன்றும் வரவில்லை. நான்காவது அடிக்கு எல்லாமே வந்தது. பானெட்டில் பாதி, அவர் முகத்தில் பாதி. பானெட்டில் விழுந்ததும் பரவாமல், குண்டு குண்டாக அப்படியே நின்றது.

"லாரிக்கு அம்மை போட்டுருக்குது அண்ணி" என்றாள் நாத்தனார்.

கணவர் பம்பைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார். அதற்குப் பிறகு வீட்டில் கொசுமருந்து அடித்தபோதெல்லாம் சுவரில் லேசாகப் பச்சை ஏறியது.

வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பிரஷ் எடுத்தோம். வண்டி நின்றது களத்தில். களம் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டில் நிலம் நீச்சு உள்ள பெரிய குடும்பம். அந்த வீட்டு அக்கா அன்றைக்குத்தான் கொள்ளு தூற்ற வந்தார். நாங்கள் இடது பக்கம் முழுவதும் அடித்து, பச்சை பளபளவென்று நின்ற நேரம் காற்று எழும்பியது. அக்கா முறத்தைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"அக்கா, அக்கா! கொஞ்சம் நிறுத்துங்க! காத்தடிக்குது!" என்று ஓடினார் கணவர்.

"காத்தடிச்சாத்தானே தம்பி தூத்த முடியும்?"

"பெயிண்டு ஈரமா இருக்குதுங்க!"

"அப்ப காத்தில்லாத நேரமா பாத்து நீங்க அடிங்க. காத்து இருக்கற நேரமா பாத்து நான் தூத்தறேன்."

 ஆனால் காற்று யாரையும் கேட்டு வரவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குவியலில் இருந்த பொட்டு, கொள்ளின் தோலும் தூசியும், பறந்து வந்து வண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டது. பச்சை லாரிக்கு உடம்பெல்லாம் முடி முளைத்த மாதிரி ஆனது. மாமியார்தான் பஞ்சாயத்து செய்தார். வீட்டிலிருந்த சேலைகளையெல்லாம் எடுத்து வந்து களத்தின் நடுவில் கயிறு கட்டி மறைப்புப் போட்டார். அதில் என் கல்யாணச் சேலை ஒன்றும் இருந்தது. அதன் முந்தானையில் இன்றைக்கும் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை இருக்கிறது. ஒட்டிய பொட்டை ராத்திரிக்கு முன்னால் எவ்வளவு பொறுக்க முடியுமோ பொறுக்கினோம். மிச்சத்தின் மேலேயே இன்னொரு தடவை அடித்துவிட்டோம்.

சனிக்கிழமை காலையில் பச்சை தீர்ந்துபோனது. இடது பக்கம் முழுவதும் முடிந்திருந்தது. மூக்கின் நடுவில் ஒரு கீல் ஓடும், மூடியை இரண்டு பக்கமும் திறக்க. சரியாக அந்தக் கீலோடு பச்சை நின்றுவிட்டது. வலது பக்கம் முழுக்கச் செம்மண் நிறம். கணவர் கம்பைநல்லூருக்கு சைக்கிளில் போனார். இல்லை. மொரப்பூருக்கு பஸ்ஸில் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் நீல டப்பா இருந்தது.

"பச்ச எங்கயும் இல்ல. நாளைக்கு ஞாயித்துக்கெழம, கட இருக்காது" என்று திண்டாடிப்போய் உட்கார்ந்தார்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "நீலத்தோட மஞ்சளைக் கலந்தா பச்ச வருங்க. ஆறாவதுல படிச்சிருக்கறேன்."

எழுத்து எழுதுவதற்காக ஒரு சின்ன டப்பா மஞ்சள் வாங்கி வைத்திருந்தோம். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் கலந்து காட்டினேன். அசல் பச்சை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அந்த சோப்புப் பெட்டியை இன்னொரு தடவை வாங்கிய சந்தோஷம். அப்படியே நீலம் முழுவதையும் ஒரு பக்கெட்டில் ஊற்றி, மஞ்சள் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்கினேன். கலக்கினேன். கை வலிக்கும்வரை கலக்கினேன். சிரட்டையில் பாதிக்குப் பாதி கலந்தோம், பக்கெட்டில் ஒன்றுக்கு எட்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீலம் நீலமாகவே இருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஆறாவதோட நிறுத்திட்டாங்களா உன்னைய?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தேன் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. கணவர்தான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியின் வலது பக்கம் போனார். "ஒரு பக்கமா நின்னு பாக்கறவனுக்கு மறுபக்கம் எப்படித் தெரியும்? வா, அடிக்கலாம்" என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு மிகச் சரியான பேச்சாகத் தோன்றியது.

ஞாயிறு காலையில், வேலை எவ்வளவு இருந்தாலும் பூசைக்கு வந்தே ஆக வேண்டும் என்று மாமியார் எங்களை மாதா கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கணவரின் ஒரு புருவம் பச்சை, ஒரு காதும் உதட்டோரமும் நீலம். என் நகமெல்லாம் நீலம். நன்மை அப்பத்தை நாக்கில் வாங்க அவர் வாயைத் திறந்ததும் பங்குச் சாமியார் ஒரு கணம் தயங்கி, உதட்டில் எந்த இடம் காய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். திரும்பி வந்து மீதி நீலத்தையும் முடித்தோம். மஞ்சள் போய்விட்டதால் எழுத்துகளை வெள்ளையில் எழுதினேன். நெற்றியில் "மாதா துணை". அதில் 'து' நீலத்தின் மேல் தொடங்கிப் பச்சையின் மேல் முடிந்தது.

திங்கட்கிழமை தர்மபுரிக்கு நானும் போனேன். இன்ஸ்பெக்டர் பிரேக் பார்த்தார், விளக்குப் பார்த்தார், ஹார்ன் அடிக்கச் சொன்னார். இடது பக்கம் நடந்து பின்னால் போய் வலது பக்கமாக வந்தவர் நின்றுவிட்டார். மறுபடி இடது பக்கம் போனார். மறுபடி வந்தார்.

"என்னய்யா இது?"

"வூட்லயே அடிச்சதுங்க" என்றார் கணவர்.

"அது தெரியுது." காகிதத்தை வண்டிக் கதவின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "பிரேக்கு நல்லாருக்குது. அடுத்த வருசம் ஒரே வண்டியா கொண்டாங்க." காகிதத்தை எடுக்கப் போனால் அது வரவில்லை. வலது கதவு இன்னும் காயவில்லை. ஒரு வழியாகப் பிய்த்து எடுத்தபோது எஃப்.சி. காகிதத்தின் முதுகு நீலமாக இருந்தது, அவர் உள்ளங்கையும்தான்.

வண்டி ஓட ஆரம்பித்தது. காரிமங்கலம் சந்தைக்குத் தேங்காயும் புளியும் ஏற்றிப் போகும். அங்கே ஊருக்குள் நுழையும் இடத்தில் டீக்கடைகள் எல்லாம் சாலையின் ஒரே பக்கம். காலையில் போகும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பச்சை லாரி தெரியும். சாயங்காலம் திரும்பும்போது நீல லாரி தெரியும். இது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அந்தச் சித்திரையில்தான் தெரிந்தது.

நாத்தனாருக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை. முதலில் பையனின் தாய்மாமன் மட்டும் பார்த்துப் போக வந்தார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை. முறுக்கும் காபியும் வைத்தோம். பேச்செல்லாம் நன்றாகப் போனது. வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பச்ச வண்டி நிக்குது. நீல வண்டி லோடுக்குப் போயிருக்குதுங்களா?"

கணவரின் வாயில் முறுக்கு இருந்தது. அதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நாத்தனார்தான் வெளியே வந்தாள்.

"வண்டிக்கு அந்தப் பக்கமா போயி பாருங்க."

மாமன் எழுந்து போனார். லாரிக்கு அந்தப் பக்கம் மறைந்தார். வெகுநேரம் வரவில்லை. இந்தச் சம்பந்தம் போயிற்று என்று நான் முடிவு செய்துவிட்டேன். அந்த மஞ்சளை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருந்தால் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. திரும்பி வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டுன்னு நாங்க சொல்லலீங்க" என்றார் மாமியார் மெதுவாக.

"நீங்க சொல்லலீங்க. நான்தான் சொன்னேன். காரிமங்கலம் டீக்கடையில உக்காந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு எங்கக்காகிட்ட சத்தியம் பண்ணிருக்கறேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இப்பப் போயி ஒன்னுதான்னு சொன்னா, எங்க மச்சான் சாவற வரைக்கும் என்னைய சொல்லிச் சொல்லியே சிரிப்பாரு. நீங்க கொஞ்சம் பாத்து நடந்துக்கணுங்க."

அவர் எங்களிடம் கெஞ்சினார்! மாமியார் பெருந்தன்மையோடு, "அதுக்கென்னங்க, நாங்க யாருகிட்டயும் சொல்லமாட்டோம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. கல்யாணத்தன்று வண்டியைச் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சுவரை ஒட்டி, பச்சை மட்டும் தெரிகிற மாதிரி அந்த மாமனே நின்று நிறுத்தவைத்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் எங்களை முந்திக்கொண்டு, "சேலத்துக்குப் போயிருக்குது" என்றார்.

அடுத்த எஃப்.சி.க்கு ஒரு மாதம் முன்பே வண்டியைத் தர்மபுரி பெயிண்டரிடம் விட்டோம். கணவரோடு நானும் போயிருந்தேன். பெயிண்டர் விரலால் கதவைத் தடவினார். பெயிண்டுக்குள்ளிருந்து ஒரு கொள்ளுப் பொட்டை நகத்தால் கிளப்பி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இத யாருங்க அடிச்சது?"

"தெரியலீங்க. வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துது" என்றார் கணவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து நாள் முதுகு ஒடிய அடித்தது, சேலையைப் பறிகொடுத்தது, பக்கெட்டின் முன்னால் அழுதது எல்லாம் யாரோ தெரியாதவர் செய்ததா?

"நாங்கதாங்க அடிச்சோம். நானும் இவருந்தான்" என்றேன்.

பெயிண்டர் என்னை ஒரு தடவை, வண்டியை ஒரு தடவை பார்த்தார். கணவர் சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்தார்.

"அடிக்கறதுக்கு முன்னால மேடு பள்ளத்துக்குப் பட்டி வெக்கலீங்களா?" என்று பெயிண்டர் மரியாதையாகக் கேட்டார்.

"அப்படின்னா என்னங்க?" என்றேன்.