சாயம் ஏறாத இடம்

என் மாமாவின் உடலை வாங்கத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஒல்லியானவர். பேசும்போது அடிக்கடி தன் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொள்வார். எத்தனை முறை கழுவியும் போகாத ஏதோ வாடை அவருக்கு மட்டும் தெரிந்தது போலும்.

கழக ஆட்சி வந்த புதிது. கீழ்வேளூர்ப் பக்கம் தகராறில் இருந்த வயலில் நாங்கள் அறுவடைக்கு இறங்கியிருந்தோம். உச்சிவேளையில் மிராசுதாரின் ஆட்கள் தடியோடு வந்தார்கள். அடிபட்டு விழுந்த மாமா எழுந்திருக்கவில்லை.

“அடியிலதான் செத்தாருன்னு எழுதுங்கம்மா” என்றேன்.

அவர் ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினார். மாமாவின் இதயத்திலிருந்து அறுத்த துண்டு அதில் இருந்தது.

“வெறும் கண்ணுக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. சாயத்துல ஊறவெச்சேன். நல்ல தசை நீலமாயிடும். இந்த இடம் ஆகல, பாருங்க. அடி விழுறதுக்குச் சில மணி நேரம் முன்னாலயே இங்க ரத்த ஓட்டம் நின்னிருக்கு. காலையில வலின்னு ஏதாவது சொன்னாரா?”

அன்று விடியற்காலையில் மாமா இடது தோளைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு நான் வரலப்பா” என்றார். “நீங்க வரலேன்னா ஒருத்தரும் இறங்கமாட்டாங்க” என்று சொல்லி அழைத்துப் போனவன் நான்.

“ஒண்ணும் சொல்லலீங்க.”

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “காயத்தையும் எழுதுறேன், இதையும் எழுதுறேன்” என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. என் பொய்யை நம்பிவிட்டாரா, தெரிந்தேதான் விட்டாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.