என் தங்கச்சி சொல்ல மறுத்த வார்த்தை

மலாய்ல நோய்க்கும் வலிக்கும் ஒரே வார்த்தைதான். சாக்கிட். காய்ச்சல்ல படுத்தாலும் சாக்கிட், கால்ல முள்ளு குத்தினாலும் சாக்கிட். நாம தமிழ்ல சுகமில்லன்னு ஒண்ணு, வலிக்குதுன்னு ஒண்ணு, தனித்தனியா வச்சிருக்கோம். அந்த ஒத்த வார்த்தைதான் என் தங்கச்சியோட காலைத் தின்னுச்சுன்னு நான் சொன்னா, எங்க ஜெப சபையில சில பேருக்கு மூஞ்சி சுருங்குது. எனக்கென்ன, நான் சொல்லத்தான் போறேன்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுறவ. காலையில ஈப்போ சிலிபின் பக்கம் பிள்ளைங்கள ஏத்தினா, மத்தியானம் கடைசிப் பிள்ளைய இறக்கிவிடுற வரைக்கும் கத்திக்கிட்டேதான் இருப்பேன். வேனுக்கு ஹார்ன் எதுக்கு, அக்கா தொண்டையே போதும்லான்னு தங்கச்சி கிண்டல் பண்ணுவா. அவ எனக்கு நேர் எதிர். பள்ளிக்கூடக் கேன்டீன்ல சமையல் வேலை. கல்யாணம் வேணாம்னுட்டா. என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே சபை. மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடியில இருக்கிற சின்ன சபை அது. அங்க பாட்டு ஆரம்பிக்கிறது அவதான். அவ குரல் எழும்பினா கீழ டயர் மாத்துற சீனன்கூட நிமிர்ந்து பார்ப்பான்.

எங்க சபையில ஒரு பழக்கம் உண்டு. நோயை வாயால அறிக்கை பண்ணக் கூடாது. சுகமாயிட்டேன்னு முதல்ல சொல்லணும், சுகம் பின்னால வரும். பாஸ்டர் அப்படித்தான் பிரசங்கம் பண்ணுவாரு. சாட்சி சொல்ற நேரத்துல யாரும் எனக்குக் காய்ச்சல்னு சொல்ல மாட்டாங்க. சத்துரு காய்ச்சலக் கொண்டாந்தான், நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலம்பாங்க. மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும், உறிஞ்சிக்கிட்டே அல்லேலூயாம்பாங்க. எனக்குச் சிரிப்பா வரும். தங்கச்சி என் தொடையில கிள்ளுவா.

அதுக்காக நான் நம்பிக்கை இல்லாதவ இல்ல. ஒரு தடவை மூச்சு முட்டிப் படுத்துக் கிடந்தப்ப, அதே பாஸ்டர் தலையில கை வச்சு ஜெபிச்சு நான் எழுந்து உட்கார்ந்திருக்கேன். டாக்டர் குடுத்த மருந்தும் சாப்பிட்டேன். எது யாரோட வேலைன்னு நான் பிரிச்சுப் பார்க்கல. இயேசப்பா குணமாக்குவாருன்னு இன்னைக்கும் நம்புறேன். ஆனா அவருகிட்ட போனவங்க எல்லாம் எனக்குக் கண்ணு தெரியல, கை சூம்பிப்போச்சுன்னு கத்திக்கிட்டுத்தானே போனாங்க? ஒருத்தராவது நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டுப் போனதா எனக்குத் தெரியல.

ஆயர் தாவார் பக்கம் அப்பா ரப்பர் பால்மரம் வெட்டின தோட்டம் இப்ப முழுக்கச் செம்பனை, எண்ணெய்க்கு வைக்கிற முள்ளுப் பனை. நாங்க குடியிருந்த லயம் கிடையாது. கல்லறை மட்டும் நடுவுல மிச்சம். ஈஸ்டருக்கு முன்னாடி அப்பா கல்லறையைச் சுத்தம் பண்ணப் போனோம். வெட்டிப் போட்ட மட்டை மேல தங்கச்சி காலை வச்சுட்டா. செம்பனை முள்ளு சிலிப்பரைத் துளைச்சுப் பாதத்துல ஏறிடுச்சு. அவளே பிடுங்கிப் போட்டா. ஒண்ணுமில்லக்கான்னா. அவளுக்கு ஏற்கெனவே இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, கால்ல புண்ணு வந்தா லேசுல ஆறாது. 

கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். அவளை வாசல்ல இறக்கிவிட்டுட்டு வேனை நிறுத்த இடம் தேடி அலைஞ்சேன். திரும்பி வர்றதுக்குள்ள அவ இனிப்பு நீர் மாத்திரைப் பையோட வெளிய வந்துட்டா. கால்ல ஷூவும் காலுறையும் கழட்டாம அப்படியே இருந்துச்சு.

"காலைக் காட்டினியா?"

"மிஸ்ஸி கேட்டாங்கக்கா. ஆன்ட்டி, காக்கி சாக்கிட் தாக்-னு கேட்டாங்க. தாக் சாக்கிட், சூடா பாய்க்-னு சொல்லிட்டேன்."

கால் வலிக்குதான்னு அந்த நர்சுப் பொண்ணு கேட்டிருக்கு. இல்ல, குணமாயிடுச்சுன்னு இவ சொல்லியிருக்கா.

"அடிப்பாவி, ஏன்டி அப்படிச் சொன்ன?"

"சாக்கிட்னு என் வாயால ஒத்துக்க மாட்டேன்க்கா. நான் நோயாளி இல்ல."

"நோயாளியான்னா கேட்டாங்க? வலிக்குதான்னு கேட்டாங்கடி!"

"ரெண்டும் ஒரே வார்த்தைதானே."

கையைப் பிடிச்சு இழுத்தேன். வேன்ல ஏறி உட்கார்ந்தவ இறங்க மாட்டேன்னுட்டா. சாதுவானவளுக்குப் பிடிவாதம் வந்தா நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. 

அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் கால் கழுவுவா. வீட்டுக்குள்ளயே காலுறை. ஞாயித்துக்கிழமை ஒத்தக் கால்ல பாரத்தைப் போட்டு நின்னுக்கிட்டுப் பாடுவா. எப்படி இருக்கீங்க சிஸ்டர்னு யார் கேட்டாலும், சுகமாயிட்டேன்தான். வீட்டுல ஒரு நாத்தம் வந்துச்சு. எலி செத்துக் கிடக்குன்னு நினைச்சு நான் அலமாரியெல்லாம் நகர்த்தித் தேடினேன். அவளும் கூட நின்னு தேடினா. 

அவ காய்ச்சல்ல உளற ஆரம்பிச்சப்பதான் காலுறையை உருவினேன். தோலும் அதோட சேர்ந்து வந்துச்சு.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. டாக்டர் ஒரு தமிழ்ப் பையன்தான். அழுகல் இன்னும் மேல ஏறாம இருக்கான்னு பார்க்கணும், தொடையில வலி வந்தா உடனே சொல்லணும், இடம் தெரிஞ்சாத்தான் எங்களால தடுக்க முடியும்னு அவகிட்ட கெஞ்சாத குறையாச் சொன்னாரு. அவ தலையை ஆட்டினா.

வார்டுல மிஸ்ஸி ஒரு அட்டையைக் காட்டுவாங்க. வரிசையா மூஞ்சிப் படம், சிரிக்கிறதுல ஆரம்பிச்சு அழுறது வரைக்கும், கீழ நம்பர். சாக்கிட் எத்தனை நம்பர்னு கேட்பாங்க. இவ சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டு, கொசோங்ம்பா. சைபர். கட்டில் கம்பியைப் பிடிச்சிருக்கிற கை வெளுத்துப்போயிருக்கும், வேர்வை தலகாணியை நனைச்சிருக்கும், வாய் மட்டும் கொசோங்.

"பொய் சொல்றா மிஸ்ஸி, நம்பாதீங்க!" நான் போட்ட சத்தத்துல வார்டே திரும்பிப் பார்த்துச்சு. மிஸ்ஸி இவ தொடையை அமுக்கிப் பார்த்தாங்க. இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு, பாய்க், பாய்க்னா. நல்லாயிருக்காம்!

"செத்துருவடி. வாயைத் திறந்து சொல்லித் தொலைடி," சொன்னேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. அவ என் கன்னத்தைத் தொட்டு, விசுவாசம்க்கான்னா. அடிச்சிருவேனோன்னு பயந்து நான் வராந்தாவுக்குப் போயிட்டேன்.

அங்கதான் பாஸ்டர் வந்துக்கிட்டிருந்தாரு. பழப் பையோட. நான் அவரை அந்த இடத்துலயே பிடிச்சுக்கிட்டேன். உங்க பிரசங்கத்தைக் கேட்டுத்தான் டாக்டர்கிட்ட வலிக்கலன்னு பொய் சொல்றான்னேன்.

"டாக்டர்கிட்ட பொய் சொல்லச் சொல்லி நான் ஒரு நாளும் பிரசங்கம் பண்ணலயே சிஸ்டர்."

"நீங்க சொல்லலதான் பாஸ்டர். அவ காதுல விழுந்தது அதுதான்."

கெட்ட மனுஷன் இல்ல அவரு. என் வீட்டுக்காரர் சாவுக்குப் பெட்டி தூக்கினவரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டே உள்ள வந்தாரு. கட்டில் பக்கத்துல நின்னு அவ நெத்தியில கையை வச்சாரு. எப்பவும் போல, சுகமாயிட்டேன்னு என் கூடச் சொல்லுங்க சிஸ்டர்னு ஆரம்பிச்சாரு. அவ கண்ணைத் திறந்தா. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டா:

"பாஸ்டர், வலிக்குதுன்னு சொன்னா இயேசப்பா கோவிச்சுக்குவாரா?"

அவருக்கு எவ்வளவோ வசனம் தெரியும். பழப் பையைக் கீழ வச்சாரு. அப்படியே முட்டி போட்டு அவ கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"இல்லம்மா. அவரே சிலுவையில கத்தினாரும்மா."

அப்பதான் கத்தினா. சபையில உச்சத்துல பாடுற அதே குரல். ஐயோ அக்கா, வலிக்குதே, தாங்க முடியலயே, சாக்கிட், சாக்கிட்-னு. தொடையைக் காட்டினா, இடுப்பைக் காட்டினா. மிஸ்ஸி ஓடி வந்தாங்க. டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துட்டு என்னைப் பார்க்காம வலியடக்குற ஊசிக்குச் சொன்னாரு. இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு. அதுக்கு மேல வெட்ட இடமில்ல.

ஊசி ஏறினதும் அவ கை கம்பியை விட்டுச்சு. இதமா இருக்குக்கான்னா. மறுநாள் மத்தியானம் போயிட்டா.

அடக்கத்துல அவ பூரண சுகம் அடைஞ்சிட்டான்னு சபையில ஒருத்தர் சொன்னப்ப, பாஸ்டரே வேணாம்னு கையைக் காட்டி நிறுத்தினாரு. அதுக்காகவே நான் இன்னும் அதே மாடிப்படி ஏறுறேன். வாசல்ல எப்படி இருக்கீங்க சிஸ்டர்னு கேட்கிறாங்க. வலிக்குதுங்கிறேன். குலுக்க நீட்டின கையோட அப்படியே நிக்கிறாங்க. நிக்கட்டும்.