கையில் ஒரு கோடு, இரண்டு புள்ளி

இந்த ஊரில் இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே மணி எட்டு அடித்துவிடுகிறது. ஜப்பான்காரன் பினாங்குக்குள் வந்து உட்கார்ந்ததும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டான். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நாகப்பட்டினத்தில் கோழி கூவினால் விடியப்போகிறது என்று அர்த்தம். இங்கே கோழி கூவும்போது ஆபீசுக்காரர்கள் பாதி வழி போயிருக்கிறார்கள். சலவைக்காரர்களான எங்களுக்குக் கடிகாரமா சோறு போடுகிறது? வெயில்தான் போடுகிறது. மணி பன்னிரண்டு ஆகும்போது வெயில் இன்னும் இளசாகவே இருக்கும், கொடியில் சட்டை சொட்டிக்கொண்டிருக்கும். உடுப்பு வாங்க வரும் சிப்பாய் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கத்துவான். துணிக்கு ஜப்பான் பாஷை தெரியாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, இடுப்பை வளைத்துக் கும்பிட்டு நிற்போம்.

போன வாரம் என் இடது கையில் பச்சை குத்திக்கொண்டேன். முழங்கைக்குப் பக்கத்தில், சிறு வயதில் நாகப்பட்டினத்தில் அம்மா குத்தவைத்த கோலம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. புதியது அதற்குக் கீழே, ஒரு கோடும் இரண்டு புள்ளியும். குத்தியவர் அஞ்சலை அக்கா. கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டத்தில் வேலை நின்றபின் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, சலவைக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் டோபி காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் கிழங்கு அவித்து விற்கிறார். விளக்குப் புகையைச் சட்டியில் பிடித்து, அகத்திச் சாறு விட்டுக் குழைத்து, நூலால் சேர்த்துக் கட்டிய ஊசிகளை அதில் தொட்டுத் தொட்டுக் குத்துவார். முடித்ததும், "தெனமும் கழுவணும், காய விடணும், மஞ்சளும் எண்ணெயும் தடவணும். பொருக்கு உரியிறப்ப சொறியக் கூடாது. சொறிஞ்சா கோடு கலைஞ்சிரும், தெரியுதா?" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கா தெரியாது? இதே கோட்டை, இதே புள்ளிகளை அவர் முன்பு இன்னொருவர் கையில் குத்தினார். அந்தக் கையைக் கழுவி ஆற்றியவள் நான்தான். அதை நான் ஆற்றியிருக்கக் கூடாது.

நான் எழுத்துப் படித்த சலவைக்காரி. நாகப்பட்டினத்தில் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்துத் துணியை அப்பா வெளுத்ததால், கூலியோடு கூலியாக எனக்கு ஐந்து வகுப்பும் கிடைத்தது. கல்யாணமான கையோடு கப்பலேறி இங்கே வந்தேன். ஊரில் உவர்மண் அள்ளி வெள்ளாவி வைப்போம். இங்கே சோடாவும் சவுக்காரமும் இருந்தன. சண்டை வந்தபின் இரண்டும் காணாமல் போய், இப்போது சாம்பலைக் கரைத்துத்தான் எல்லாம். ஆனால் ஒன்று மட்டும் அங்கேயும் இங்கேயும் மாறவில்லை. எந்த வீட்டுத் துணியானாலும் அந்த வீட்டுக்கென்று ஒரு குறி உண்டு. சேராங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அந்தச் சாற்றால் துணியின் ஓரத்தில் புள்ளியோ கோடோ வைத்துவிட்டால், துணி கிழிந்தாலும் குறி அழியாது. மலைபோலக் குவிந்த துணியில் எதை எடுத்துக் கொடுத்தாலும், இது இன்னார் வீடு என்று என் வீட்டுக்காரர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவார். எங்கள் சொந்தத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. குறி இல்லாவிட்டால் அது சலவைக்காரன் வீட்டுத் துணி.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் ஆனபோது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை என்று தெரிந்ததும் யாரும் போகவில்லை. பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, பாசாரில் சாமான் வாங்க நிற்பவர்களைக்கூட லாரியில் ஏற்றினார்கள். ஆனால் புண் பிடித்தவனை ஏற்றுவதில்லை, மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று அவர்களுக்குப் பயம். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே என் வீட்டுக்காரர் ஒரு யோசனையோடு வந்தார்.

"இந்தா புள்ள, அஞ்சல அக்காகிட்ட கையில பச்ச குத்திக்கப்போறேன். புண்ணு ஆறாம துணிய சுத்தி வெச்சிக்கிறேன். புண்ணுக்காரன்னு வுட்டுட்டா தப்பிச்சேன். வுடலேன்னா, நான் எங்க கெடந்தாலும் எந்த வூட்டுத் துணின்னு தெரிஞ்சிரும்ல?"

"மொதல்ல வாயக் கழுவுங்க" என்றேன்.

"வாயக் கழுவு, கையக் கழுவு... ஒன்ன வுட்டா என்னையே வெள்ளாவில வெச்சிருவே" என்று சிரித்தார். எங்கள் வீட்டுக்குத்தான் குறியே இல்லையே, எதைக் குத்துவது என்று யோசித்து, கடைசியில் ஒரு கோடு, அதன்கீழ் இரண்டு புள்ளி என்று முடிவு செய்தார். "கோடு கொடிக்கயிறு. அதுல தொங்குறது நீயும் நானும்." அஞ்சலை அக்கா சிரித்துச் சிரித்தே ஊசியைக் கோணலாகக் குத்திவிட்டதில், ஒரு புள்ளி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அது நீதான் என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்தார்.

புண்ணை அழுக்காகவே வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நானும் சரி என்றேன். ஆனால் சீழ் வைத்து, கை தோள்வரை சூடேறியது. மருந்து என்று ஒன்று ஊரிலேயே இல்லை. காலில் ஆணி குத்தி, அதைக் கவனிக்காமல் விட்டு, எங்கள் வரிசையிலேயே ஒருவர் போய்ச் சேர்ந்திருந்தார். மத்தியானம் என் வீட்டுக்காரர் கண்ணயர்ந்திருந்தபோது கட்டை அவிழ்த்தேன். விழித்துக்கொண்டு பார்த்தார். "லேசா தொடச்சி வுடுறேன், அவ்வளவுதான்" என்றேன். எனக்கு லேசாக எதையும் செய்யத் தெரியாது. கொய்யா இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரில் கழுவினேன், பழைய மல்துணியைக் கிழித்து ஒற்றினேன். பொங்கலுக்கென்று ஒளித்துவைத்திருந்த மஞ்சளை இழைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டேன். அரிக்கிறது என்று அவர் துடித்தால் சுற்றிலும் தட்டிக்கொடுத்தேன். பொருக்கு தானாக உதிர்ந்து, கோடும் புள்ளியும் பச்சைப் பசேலென்று எழுந்து வந்தபோது, கறை போன வேட்டியைப் பார்ப்பதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறினால் என்ன, வெளியே தெரிவது கட்டுதானே என்று இருவரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். பழைய கட்டையே திரும்பச் சுற்றினேன். சந்தேகம் வராமல் இருக்க அதன்மேல் மீன் கழுவிய தண்ணீரைத் தெளித்தேன். நாற்றமென்றால் எனக்கு ஆகவே ஆகாது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் தெளித்தேன்.

ஜப்பான் அதிகாரிகளின் வெள்ளை உடுப்புகளை வாங்கிப்போக ஒரு சிப்பாய் வருவான். அன்றைக்கு அவனோடு ஆள் பிடிக்கிற தமிழ் மேஸ்திரியும் வந்தார், இங்கே மண்டோர் என்போம். என் வீட்டுக்காரர் மடித்த உடுப்புகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சிப்பாய் அவர் கட்டைப் பார்த்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டான். பிறகு மண்டோர் பக்கம் திரும்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டி, கையை வீசினான். அவன் வீசிய கைக்கு நேரே இருந்தது நான் வெளுத்து மடித்த உடுப்பு. புண்ணுக்காரன் தொட்ட துணி இனி வேண்டாம் என்கிறான் என்று நினைத்துவிட்டேன். அந்த உடுப்புகளை வைத்துத்தான் எங்கள் வரிசைக்கே அரிசி கிடைத்துவந்தது. அரிசியைக்கூட விடுங்கள். நான் மடித்த துணிக்கு முன்னால் ஒருவன் மூக்கைப் பிடித்து நின்றது இதுவரை நடந்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஓடிப்போய் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து, கட்டை உருவி எறிந்தேன்.

"பெர்சே, துவான்! சுடா பாயிக்!" என்றேன். சுத்தம் ஐயா, ஆறிவிட்டது என்று மலாயில் அர்த்தம். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் அன்றைக்கு அந்தக் கைக்காகச் செலவழித்தேன்.

சிப்பாய் குனிந்து பார்த்தான். விரலால் தேய்த்துப் பார்த்தான். புஜத்தை அழுத்திப் பார்த்தான். "பாகுஸ்" என்று சிரித்தான். நல்லது என்றான். உடுப்புகளை எடுத்துக்கொண்டு, மண்டோரிடம் என் வீட்டுக்காரரைக் காட்டிவிட்டுப் போனான். நானும் சிரித்தேன், அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. மண்டோர் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு ஏதோ உறைத்தது.

"என்னாம்மா நீங்க? இந்த ஆளு வேணாம்னு தானே அவன் தல ஆட்டுனான். துணிய யாரு கேட்டா? நாந்தான் கண்டும் காணாம நிக்கிறேன்ல, சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

லாரி வந்தபோது என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நான் அழுதிருப்பேன். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வுடு புள்ள. நல்லாத்தான் ஆத்தியிருக்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. நடந்ததை வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. நீ என்ன தெரிந்தா செய்தாய் என்கிறார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டு ஆம்பளைக்குக் கிழங்கு எடுத்துவைக்கப் போகிறார்கள். நான் வெளுக்கிற உடுப்பு இன்னும் அதே அதிகாரிகளுடையதுதான். இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது.

சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவரை அஞ்சலை அக்காவின் பழைய தோட்டத்து ஆட்கள் பார்த்தார்களாம். அங்கே செத்தவர்களை யார் எவரென்று கேட்காமல் ஒரே குழியில் போடுகிறார்கள் என்று அவர் சொன்னாராம். என் வீட்டுக்காரரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைக் கேட்ட மறுநாள்தான் நான் அக்காவிடம் கையை நீட்டினேன். ஒரு குறி இருந்தால் அதே குறியோடு இன்னொரு துணியாவது உலகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எந்த வீட்டுக் குறி?

குத்திக்கொண்டேனே தவிர, கையைக் கழுவவில்லை. மஞ்சள் இல்லாமல் இல்லை. கொய்யா மரம் வாசலிலேயே நிற்கிறது. தண்ணீரை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவேன், அப்படியே கொட்டிவிட்டு எழுந்துவிடுவேன். கழுவி ஆற்றியதால்தானே அவர் போனார். என் கை மட்டும் எதற்கு ஆற வேண்டும்? அழுகட்டும் என்று விட்டேன். வலிக்கும்போது, உனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். நேற்று அஞ்சலை அக்கா கிழங்கு கொண்டுவந்தவர் நாற்றம் பிடித்துக் கையைப் பற்றிவிட்டார்.

"என்னாடி இது மீனாச்சி? சீழ் வெச்சிருக்கு லா! சொன்னேன்ல கழுவச் சொல்லி?"

"கழுவி என்னக்கா கிழிச்சேன்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கழுவாட்டி போ. புள்ளி ரெண்டும் கரைஞ்சி ஒண்ணாப் போயிரும். அவரு வந்து தன் கையப் பக்கத்துல வெச்சிப் பாத்தா, ஒன் கையில ஒரு கறுப்புத் தேமல்தான் இருக்கும். எந்த வூட்டுக் குறி இதுன்னு கேப்பாரு. என்ன சொல்லுவே?"

வந்தால் என்று அவர் சொல்லவில்லை. வந்து என்றுதான் சொன்னார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து போய் கொய்யா இலை பறித்தேன்.

வெந்நீர் பட்டதும் கத்திவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். ஒரு கையால் இன்னொரு கையைக் கழுவுவது சிரமம். அவருக்குக் கழுவும்போது எனக்கு இரண்டு கையும் இருந்தன. ஒற்றி எடுக்க எடுக்க, சீழுக்கு அடியிலிருந்து கோடு தெரிந்தது. ஒரு புள்ளி தெரிந்தது. கொஞ்சம் கீழே இறங்கிய இன்னொரு புள்ளியும் தெரிந்தது. கோணல் மாறாமல் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டபடியே அக்கா குத்தியிருந்தார். மஞ்சளைத் தடவிவிட்டு, கை காய்வதற்காகக் கொடிக்குக் கீழே வெயிலில் உட்கார்ந்தேன். இன்றைக்கும் அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சண்டை ஓய்ந்து கப்பல் ஓடத் தொடங்கினால் ஊருக்குப் போய்விடு, தனியாக இங்கே என்ன செய்யப்போகிறாய் என்கிறார்கள். மேலே இருக்கும் கோலம் நாகப்பட்டினத்தில் அம்மா வீட்டுக் குறி. கீழே இருப்பது இங்கே என் வீட்டுக் குறி. ஓரத்தில் இரண்டு குறி விழுந்த துணி எங்கள் தொழிலில் எப்போதாவது வரும். அதை எந்த வீட்டு மூட்டையிலும் கட்ட மாட்டோம். நன்றாக வெளுத்து, மடித்து, தனியாக ஒரு பலகைமேல் வைத்திருப்போம். தன்னுடையது என்று யார் கேட்டு வருகிறாரோ, அவரிடம் கொடுப்போம். என்னைக் கேட்டு வரவேண்டியவர் சயாமில் இருக்கிறார்.