எங்கள் அன்பியம் வளர்ந்த விதம்

கிறிஸ்துவின் திருச்சபையை மசால்வடை போட்டு வளர்த்துவிடலாம் என்று நம்பிய முட்டாள் ஒருவன் மயிலாப்பூரில் உண்டென்றால், அது அடியேன்தான். நம்பியதோடு நிற்கவில்லை. எங்கள் கோயிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து, மைக் பிடித்துச் சொல்லவும் செய்தேன்.

எங்கள் பங்கில் தெருக்களைப் பிரித்து அன்பியங்கள் வைத்திருக்கிறோம். நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்தால் ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் சாயங்காலம் கூடி ஜெபமாலை சொல்வோம், பைபிள் வாசிப்போம். முடிந்ததும், சுரூபம் என்று நாங்கள் சொல்லும் மாதா சிலை அந்த வீட்டிலேயே தங்கும். அடுத்த வாரம் மெழுகுவர்த்தி பிடித்துப் பாடிக்கொண்டே அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். என் அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பாளர். தேர்ந்தெடுத்த அன்று வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. நான் முதுகு சொறியத் தூக்கியிருந்தேன்.

வருபவர்கள் ரிட்டையர் ஆன டீச்சர்கள் சிலர், நான், என்னைத் தனியே விட்டால் ஏதாவது உளறிவிடுவேன் என்று கூடவே வரும் என் மனைவி. அவ்வளவுதான். மற்ற அன்பியங்களும் இதே லட்சணம். "அன்பியம் வளரணும், வழி சொல்லுங்க" என்று ஃபாதர் கேட்டபோதுதான் நான் எழுந்தேன்.

"ஃபாதர், ஆபீஸ் விட்டு வர்றவனுக்குப் பசி. அந்தப் பசியில ஜெபமாலை சொன்னா கண்ணை மூடினதும் மாதா வரமாட்டாங்க, மசால்வடைதான் வரும். அதையே கையில கொடுத்துட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்தார். யாராவது சிரித்துவிட்டால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று எடுத்துக்கொள்வது எனக்குள்ள வியாதி.

முதல் வாரம் என் வீட்டில் மசால்வடை, காபி. வராத முகங்கள் சில எட்டிப்பார்த்தன. அடுத்த வீட்டுக்காரர் வடையோடு நிறுத்துவாரா? போண்டா, கேசரி. அதற்கடுத்த வீட்டில் மினி இட்லி, ஐஸ்கிரீம். இப்படியே ஏறி ஏறி, ஒரு வீட்டில் தி.நகர் கேட்டரிங்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு சிக்கன் பிரியாணி பரிமாறினார்கள். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஜனம் வந்தது. தெருவில் நாற்காலி போட்டோம். நான் போட்டோ எடுத்துப் பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் 'வளர்ச்சி!' என்று போட்டேன். ஞாயிறு பூசையில் ஃபாதர் எங்கள் அன்பியத்தைப் பாராட்டிப் பேசினார். நான் தலை குனிந்துகொண்டேன், பணிவாகத் தெரியட்டும் என்று.

"இது ஜெபக் கூட்டமா, ரிசப்ஷனா?" என்றாள் மனைவி. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரியாணிக்கு அடுத்த வாரம் யார் வீடு என்பது முன்பே முடிவாகியிருந்தது. கால்வாய் ஓரச் சந்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு ப்ளவுஸ் தைக்கும் அம்மா. அந்த வாரம்தான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியிருந்தார். பூசை முடிந்து வாசலில் என்னைப் பிடித்து மறுபடியும் சொன்னார்:

"அண்ணா, அன்னிக்கு அவரு போய் ஒரு வருஷம் ஆகுது. நம்ம ஆளுங்க எல்லாரும் அவருக்காக ஒரு ஜெபம் சொல்லணும். மாதா அன்னிக்கு எங்க வீட்ல இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"ஜாம் ஜாம்னு பண்ணிடலாம். மொதல்ல மெனு என்ன, அதைச் சொல்லுங்க!" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டாரே, எனக்கு அது போதாதா?

அவர் கேட்ட அந்த நாள் சாயங்காலம் பிரியாணி வீட்டிலிருந்து சுரூபத்தை நான்தான் சுமந்து வந்தேன். பின்னால் அந்தச் சந்து கொள்ளாத கூட்டம். பாட்டு முடியும் நேரம் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். கதவில் பூட்டு தொங்கியது.

கூட்டம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒருவர், "சார், இன்னிக்கு இன்னா ஐட்டம்?" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"அம்மா பிரியாணி அண்டா வாங்க தி.நகர் போயிருக்காங்க. டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்க. மாதாவே, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க!"

சந்து முழுக்கச் சிரிப்பு. அந்த உற்சாகத்தோடு, சுரூபத்தை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் அவர் நம்பரை அழுத்தினேன்.

பூட்டிய கதவுக்கு உள்ளே போன் அடித்தது.

மாதா பாட்டுதான் ரிங்டோன். இரண்டு வரி எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. பிறகு பட்டென்று நின்றது. யாரோ அதை அணைத்திருக்கிறார்கள்.

அவர் உள்ளே இருக்கிறார். இவ்வளவு நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறார். அண்டா ஜோக்கைக் கேட்டிருக்கிறார். நாங்கள் சிரித்ததையும் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவரின் மெழுகுவர்த்தி என் கைமேல் சொட்டிக்கொண்டிருந்ததை மனைவி சொல்லித்தான் பார்த்தேன். சுடவே இல்லை.

அடுத்து நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தார்கள். செருப்புச் சத்தம் சந்து முனையை நோக்கிப் போனது. நான் வாட்ஸ்அப்பில் போட்ட வளர்ச்சி முழுவதும் நான் வாயை மூடுவதற்குள் கலைந்துவிட்டது. மிச்சம் நின்றது பழைய டீச்சர்கள், என் மனைவி, சுரூபத்தோடு நான்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, கையில் சாவியோடு ஒரு பெண் வந்தார்.

"கூட்டம் போச்சா சார்? நான்தான் பூட்டுனேன். அந்தம்மாதான் வெளிய பூட்டிடுக்கானு கெஞ்சிச்சு. காலைலேர்ந்து அழுதுகினே கீது. அம்மாம் பேருக்கு அது இன்னாத்த போடும்? எதுனா போடலன்னா அவரு பேரு கெட்டுப்பூடும்னு அதுக்கு ரோசனை."

பூட்டைத் திறந்தார்.

மேஜைமேல் வெள்ளைத் துணி. அதில் கணவரின் போட்டோ, மல்லிகைச் சரம், ஏற்றாத மெழுகுவர்த்தி. நடுவில் சுரூபத்துக்கு இடம். ஓரத்தில் ஒரு சின்னப் பாத்திரத்தில் சுண்டல், மூடிமேல் கொஞ்சம் பேப்பர் கப். பழைய கணக்குப்படி, வழக்கமாக வரும் எங்கள் ஆட்களுக்கு. தையல் மெஷினுக்கு அடியில் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார், போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு.

"அண்ணா, மன்னிச்சிடுங்க. மாதாவ வாசல்லயே நிக்க வெச்சிட்டேன்."

என்னிடம் மன்னிப்பு கேட்கிறார்! சாவு வீட்டில்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன் நான். அன்று செய்ய முடிந்தது ஒன்றுதான். சுரூபத்தை மேஜையில் வைத்தேன். மனைவி தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர்களில் மூத்தவர் யாரையும் கேட்காமல் ஜெபமாலையை ஆரம்பித்தார். போட்டோவில் இருந்தவருக்காகச் சொன்னோம். சாவியோடு வாசலில் நின்ற பெண்ணும் பாதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுண்டல் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

ஞாயிறன்று ஃபாதரிடம் நடந்ததைச் சொன்னேன். "நானும்தான் சிரிச்சேன்" என்றார். இனி எந்த வீட்டிலும் தண்ணீர் மட்டும் என்று அறிவித்தார். அந்த வாரம் யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்போடுதான் சுரூபத்தை எடுக்க அந்தச் சந்துக்குப் போனேன்.

இரண்டாவது அதிர்ச்சி அங்கே காத்திருந்தது. அறையில் உட்கார இடமில்லை. டீச்சர்கள் அந்த வாரம் முழுக்கத் தினமும் சாயங்காலம் அங்கே போய் ஜெபம் சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பாளரான எனக்குத் தகவல்கூட இல்லை. அந்த ஜெபத்தைக் கேட்டுத் தையல் அம்மாவின் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர், பூசைப் பக்கமே வராத எங்கள் பங்குக்காரர்கள், உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கதவோரம் இருந்தார். ஜெபம் தெரியாதாம், சத்தம் கேட்டால் நன்றாக இருக்கிறதாம். ஒரு டீச்சருக்குக் கண் ஆபரேஷன். தையல் அம்மாதான் கூடப் போகிறாராம். எல்லாம் அவர்களுக்குள்ளேயே பேசி முடித்திருந்தார்கள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்தால் என் வாய்க்கு உடனே தெரிந்துவிடும். சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள். ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சார், மாதாவ எடுத்துகினு போ. வாய இங்கியே வுட்டுட்டுப் போ."